தோக்குப் பூ

ஆயுத பூஜையன்று நம் ஊர்களில் எதற்கெல்லாம் சந்தனப் பொட்டு வைக்கிறோம் என்று யாராவது கணக்கு எடுத்தால் வேடிக்கையாக இருக்கும். எங்கள் கோலியனூர்த் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். அரிவாள், மண்வெட்டி, தையல் மிஷின், தராசு, கரும்புச் சாறு பிழியும் யந்திரம், கூட்டுரோட்டில் நிற்கும் லாரி, ஆட்டோ, பையன்களின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. என் வீட்டில் பேனாவுக்கும் உண்டு. பேனாவால் பிழைப்பவனாயிற்றே! ஆனால் ஆயுதம் என்ற பெயருக்கு உண்மையில் உரிய சாமான் ஒன்று கூட அந்தப் பலகையில் இருக்காது. 'ஆயுத' என்ற சொல் பூஜையின் பெயரில் இருப்பதோடு சரி.

பெயருக்குப் பொருந்தும்படி அந்தப் பூஜையைச் செய்கிற ஒரு நாடு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. காவிரி பிறக்கும் குடகு நாடு. அங்கே ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 3-ம் தேதியை ஒட்டி 'கயில்போது' என்று ஒரு பண்டிகை. 'கயில்' என்றால் ஆயுதம். அன்று குடகர்களின் வீடுகளில் துப்பாக்கிகள் பூஜை அறையிலிருந்து வெளியே வருகின்றன. பிறகு அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரார் எல்லாரும் ஒரு திடலில் கூடிச் சுடுகிறார்கள். எதைச் சுடுகிறார்கள் என்கிறீர்களா? தேங்காயை!

இதைப் பார்த்தே தீர வேண்டும் என்று நான் பிரயாணம் புறப்பட்டதற்கு என் மைத்துனர்தான் காரணம். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடத்தில் அவரோடு வேலை பார்த்த குடகர் ஒருவர், சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, விராஜ்பேட்டைக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மாப்பிள்ளை, கதைக்கு ஏதாவது கிடைக்கும், வாங்க" என்றார் மைத்துனர். எழுத்தாளனை எங்கே கூப்பிடுவதானாலும் இந்த ஒரு வாக்கியம் போதும் என்று அவருக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் ஏறி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர், அங்கிருந்து மைசூர், பிறகு ஹுன்சூர் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வயல்களில் நடவு முடிந்து, நாற்று பச்சை பிடித்து நின்றது. கயில்போதின் அர்த்தமே அதுதான். நடவு மும்முரமாக நடக்கும் மழை மாதங்களில் துப்பாக்கியை யாரும் தொடக் கூடாது. அது பூஜை அறையில் படுத்திருக்கும். நடவு முடிந்த பிறகு, கலப்பையை வைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுக்கிற நாள் இது. இனி காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேண்டும். முன்காலத்தில் வேட்டைக்கும் போக வேண்டும்.

சுபேதார் வாசலில் நின்று வரவேற்றார். வெலிங்டனில் கற்ற தமிழ் அவருக்கு இன்னும் நாக்கில் இருந்தது. "வாங்க சார், வாங்க. அட்டை கடிச்சா உப்பு இருக்கு, பயப்பட வேண்டாம்" என்பதுதான் முதல் உபசாரம்.

குடகு மொழியில் துப்பாக்கிக்குத் 'தோக்கு' என்று பெயர். மலையாளத்திலும் அதேதான். நம்முடைய 'துப்பாக்கி' துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மழையைப் பற்றி வள்ளுவர் சொன்ன குறளில் இந்த எழுத்துகள் வரிசையாக வந்துவிடுவதைக் காட்டி, வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அங்கே 'துப்பு' என்பது உணவு. துப்பாக்கி வந்தது அதற்கு எத்தனையோ நூற்றாண்டு கழித்து.

மறுநாள் காலையில் பூஜை. வீட்டின் தென்மேற்கு மூலையில் முன்னோருக்கென்று ஓர் அறை. விளக்குக்கு முன்னால் நான்கு துப்பாக்கிகளும், 'ஒடிகத்தி' என்ற அகன்ற வாளும், இடுப்பில் செருகும் வெள்ளிப் பிடி போட்ட 'பீச்சைக்கத்தி'யும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு துப்பாக்கியின் வாயிலும் ஒரு பூ செருகியிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு நாக்குப் போல நெளிந்த இதழ்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் செங்காந்தள்! தமிழ்நாட்டு அரசு தன் மாநில மலராக வைத்திருக்கிறதே, அதே பூ.

"இது தோக்குப் பூ சார். இது பூத்தால்தான் கயில்போது" என்றார் சுபேதார்.

துப்பாக்கிப் பூ! சங்கப் புலவர்கள் இந்தப் பூவைப் பார்த்துப் பெண்ணின் விரல் என்றார்கள். நம் குடியானவர்கள் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருந்தது. 'கலப்பைக் கிழங்கு' என்று பெயர் வைத்தார்கள். குடகன் அதைத் துப்பாக்கி வாயில் செருகி அதற்குத் துப்பாக்கியின் பெயரையே கொடுத்துவிட்டான். கிழங்கு முதல் விதை வரை விஷம். அந்த விஷத்திலிருந்து எடுக்கும் கொல்ச்சிசின் என்ற சரக்கு மூட்டுவாதத்துக்கு மருந்து. ஒரே செடியில் இத்தனை சமாசாரம் இருக்கிறது.

பூஜை முடிந்ததும் பெரியவர் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து இளையவர்களிடம் கொடுத்தார். கொடுக்கும்போது என்னவோ புத்திமதி சொன்னார். வாங்கிக்கொண்டவர்கள் குனிந்து அவர் காலைத் தொட்டார்கள். பிறகு சாப்பாடு. கடம்புட்டு என்ற அரிசி உருண்டையும் பன்றிக் கறியும். நான் கடம்புட்டோடு நிறுத்திக்கொண்டேன். என் மைத்துனர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு வீட்டாருக்கு மனக்குறை இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பின் சுபேதார் தம் சேகரத்தைக் காட்டினார். நான்கில் மூத்தது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அவருடைய கொள்ளுப் பாட்டனாருடையது. சுடுவதில்லை, பூஜைக்கு மட்டும். இந்த வகைத் துப்பாக்கியைச் சுடுவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் கருமருந்து. முக்கால் பங்கு வெடியுப்பு, மீதியில் கரியும் கந்தகமும். அதன்மேல் நாரோ கந்தலோ வைத்து இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈயக் குண்டு, மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் பின்பக்கத்து முளையில் ஒரு செப்புத் தொப்பியை மாட்டினால், குதிரை அதன்மேல் விழும்போது பொறி பிறக்கும்.

அந்தத் தொப்பிக்குப் பின்னால் ஒரு பாதிரியாரின் கோபம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அலெக்ஸாந்தர் ஃபோர்ஸித் என்ற பாதிரியார் பறவை வேட்டைப் பிரியர். சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் துப்பாக்கியில், பொறி தெறித்த பிறகு குண்டு கிளம்பச் சற்று நேரமாகும். அதற்குள் பறவை வெளிச்சத்தைக் கண்டு பறந்துவிடும். தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தை வைத்து அவர் ஒரு விசை செய்து, 1807-ல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். தொப்பி வந்தது அதிலிருந்துதான். வாத்து தப்பித்துவிட்டதே என்று ஒரு மனுஷர் வருத்தப்பட்டதால், உலகத்துப் பட்டாளங்களின் துப்பாக்கி எல்லாம் மாறிப் போயிற்று!

மற்ற மூன்றில் ஒன்று பர்மிங்காமில் செய்த இரட்டைக் குழல். '12 போர்' என்றார். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அந்த உருண்டை ஒன்று சரியாக நுழையும் குழல் என்று அர்த்தமாம். இத்தனை வருஷமாகக் கதைகளில் '12 போர்' என்று எழுதி வந்த எனக்கு, அர்த்தம் அன்றைக்குத்தான் கிடைத்தது.

பிற்பகலில் எல்லாரும் திடலுக்குப் போனோம். அதற்கு 'மந்து' என்று பெயர். நம் 'மந்தை' ஞாபகம் வந்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். கறுப்பு அங்கி, சிவப்புப் பட்டுக் கச்சை, இடுப்பில் கத்தி. கிழவர்கள் ஒருவர் துப்பாக்கியை மற்றவர் வாங்கி, குழலுக்குள் எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, எண்ணெய் போட்டாயா என்று விசாரித்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் நம் பெண்கள் நகையைத் தொட்டுப் பார்த்து விசாரிப்பது மாதிரியே இருந்தது. இந்தத் துப்பாக்கி இன்னார் பர்மாவுக்குப் போகும்போது தம்பியிடம் விட்டுப் போனது. அது இன்ன வீட்டுக்குச் சீதனமாகப் போய்த் திரும்பி வந்தது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சாவளி.

ஓர் உயரமான மரத்தின் உச்சியில் தேங்காய் கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து குறி பார்த்தார்கள். சப்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பட்டாளத்துப் பையன்கள் இரண்டு பேர் தவறவிட்டார்கள். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒரு பாட்டி வந்தாள். சேலைக் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டும் குடகு மோஸ்தர், மூக்குக் கண்ணாடி. துப்பாக்கியை வாங்கிக் கன்னத்தில் வைத்தாள். எனக்கு அவளுடைய தோளைப் பற்றிக் கவலையாக இருந்தது. தேங்காய் இரண்டாகப் பிளந்து விழுந்தது. பாட்டி துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பக்கத்து அம்மாளோடு பேச்சைத் தொடர்ந்தாள்.

பழைய துப்பாக்கிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கூடுவது உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. இங்கிலாந்தில் 1860-ல் விம்பிள்டன் மைதானத்தில் விக்டோரியா ராணி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்த பந்தயம் 1890 முதல் பிஸ்லியில் நடந்து வருகிறது. அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தில் 'ஃபிரெண்ட்ஷிப்' என்ற சிற்றூரில் வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்கள் கூடுகிறார்கள். அவர்களுடைய சங்கம் 1933-ல் ஏற்பட்டது. துப்பாக்கிக்காரர்கள் கூடும் ஊருக்குச் சிநேகிதம் என்று பெயர் இருப்பது ஒரு பொருத்தம்தான். ஆனால் அங்கெல்லாம் இது பொழுதுபோக்கு. குடகில் அது குடும்பத்தின் அங்கத்தினர். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. சாவு விழுந்தால் இரண்டு வெடி. புது நெல் அறுக்கும் புத்தரிப் பண்டிகையில் முதல் கதிரை அறுக்கும்போது வெடி. ஒரு மனுஷனின் வாழ்க்கையே வெடிச் சத்தத்தில் தொடங்கி வெடிச் சத்தத்தில் முடிகிறது. "இப்போ 2019-ல சட்டத்தைத் திருத்திட்டாங்க சார். கொண்டாட்டம்னு கண்டபடி சுட்டு ஆள் உயிருக்கு ஆபத்து வந்தா ஜெயில். எங்க பசங்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்லித்தான் தோக்கைக் கொடுக்கிறோம்" என்றார் சுபேதார்.

எனக்கு ஒரு கேள்வி தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. மாலையில் காப்பி குடிக்கும்போது கேட்டுவிட்டேன்: "இத்தனை துப்பாக்கிக்கும் லைசென்ஸ் எப்படி வாங்குகிறீர்கள்?"

"எங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் சார்."

விஷயம் இதுதான். 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் நாடு முழுவதும் ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பிடுங்கச் சட்டம் செய்தார்கள். ஆனால் 1861-ல், மைசூருக்கும் குடகுக்கும் கமிஷனராக இருந்த மார்க் கப்பன், குடகர்களின் வீரத்தையும் விசுவாசத்தையும் மெச்சி அவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். வெள்ளைக்காரன் போனான், 1959-ல் சுதந்திர இந்தியா தனக்கென்று ஆயுதச் சட்டம் செய்தது, விலக்கு மட்டும் போகவில்லை. குடகு இனத்தாருக்கும், 'ஜம்மா' என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் அது தொடர்ந்தது. 2019 அக்டோபரில் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டியது. சாதியையும் பரம்பரை நிலத்தையும் வைத்து ஒரு சாராருக்கு மட்டும் சலுகை கொடுப்பது நியாயமா என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

"உங்களுக்கு மட்டும் ஏன்?" என்று நான் கேட்டேன். விருந்தாளி கேட்கக் கூடிய கேள்வி அல்ல. மைத்துனர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

சுபேதார் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் யோசிச்சிருக்கேன் சார். எங்க கரியப்பா, திம்மய்யா எல்லாம் பட்டாளத்துக்கே தளபதியா இருந்தவங்க, வாஸ்தவம். ஆனா பட்டாளத்துல என் பக்கத்துல நின்ன தமிழன் என்னைவிட நல்லா சுடுவான். அவன் லீவுல ஊருக்குப் போனா அவன் வீட்டுல ஒரு குச்சிதான் இருக்கும். என் வீட்டுல நாலு தோக்கு. சர்க்கார் என்னை நம்புது. நம்பிக்கை கிடைச்சவன் ஒழுங்கா நடந்துக்கணும். அதுதான் எனக்குத் தெரிஞ்ச பதில்."

அன்று இரவு படுத்தபோது எனக்கு என் தாத்தாவின் துப்பாக்கி ஞாபகம் வந்தது.

கோலியனூரில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை உண்டு. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். காய் பிடிக்கும் காலத்தில் நரி வந்து கிளறும். அதற்காகத் தாத்தாவிடம் வாய் வழி கெட்டிக்கும் ஒற்றைக் குழல் ஒன்று இருந்தது. பயிரைக் காக்க இந்த மாதிரித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 1959-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. தாத்தா நரியைச் சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைத்தான் சுடுவார். "அதுக்கும் வயிறு இருக்குதில்ல? சத்தம் போட்டா போயிடுது" என்பார். எண்ணெய் போட்டு, கோணித் துணியில் சுற்றி, நெல் குதிருக்குப் பின்னால் வைத்திருப்பார்.

தேர்தல் வந்துவிட்டால் ஊரில் உள்ள லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 1989-லும் 1991-லும் தாத்தா அதைத் தோளில் சார்த்திக்கொண்டு நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். வேட்டியை நன்றாகத் துவைத்துக் கட்டிக்கொண்டு, மகளைப் புக்ககத்துக்குக் கொண்டுவிடப் போகிறவர் மாதிரி போவார். தேர்தல் முடிந்ததும், ரசீதை நீட்டித் திரும்ப வாங்கி வந்து, முதல் காரியமாகத் துடைப்பார். 1996 தேர்தலுக்கும் அப்படியே கொண்டுபோய் வைத்தார். வாங்கப் போகிற நாளுக்கு முன்பே அவர் போய்விட்டார். என் தகப்பனார் பெயருக்கு லைசென்ஸ் மாற்ற வேண்டுமானால் மனு, விசாரணை, சர்டிபிகேட் என்று ஏகப்பட்டது இருந்தது. அப்பா இரண்டு முறை நடந்தார். மூன்றாம் முறை, "வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது மட்டும் எங்கள் வீட்டுப் பத்திரப் பெட்டியில் இருக்கிறது.

எங்கள் மண் வெடிமருந்துக்குப் புதிது அல்ல. 1750-ல் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி ஓர் இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தான். 1760 ஜனவரி 22-ம் தேதி வந்தவாசியில் கூட்டும் லாலியும் மோதினார்கள். ஒரு வருஷத்துக்குள் புதுச்சேரி விழுந்தது. அந்த வருஷம் முழுவதும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் பட்டாளமும் பீரங்கியும் போனதைப் பார்த்த ஜனங்களுடைய சந்ததிதான் நாங்கள். ஆனாலும் துப்பாக்கி எங்களுக்கு என்றும் பிறத்தியாருடைய சாமான். வந்தவன் சுட்டான், நாங்கள் ஒதுங்கி நின்றோம். தாத்தாவைப் போல இரண்டொருவர் தவிர, எங்கள் பக்கம் அதைத் தன்னுடையதென்று வைத்திருந்த கூட்டம் ஒன்றே ஒன்றுதான். நரிக்குறவர்கள்.

குடகிலிருந்து திரும்பிய சில நாளில், கூட்டுரோட்டில் ஊசியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவப் பெரியவர் ஒருவரைக் கண்டேன். பழக்கமானவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, குடகைப் பற்றிச் சொன்னேன். துப்பாக்கிக்குப் பூ வைப்பதைச் சொன்னேன். லைசென்ஸ் வேண்டாம் என்பதையும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்க தாத்தாகிட்டயும் இருந்துச்சு சாமி. அவரே பண்ணுவாரு. கட்டை அவருது, கொழாய் சந்தையில வாங்குனது. கொக்கு, குருவி, காடை எல்லாம் அடிப்பாரு. கரும்புக் கொல்லையில நரி பூந்துட்டா ஊர்க்காரங்களே வந்து கூப்பிடுவாங்க."

"பிறகு என்ன ஆயிற்று, பெரியவரே?"

"சட்டம் வந்துச்சு. எதை அடிச்சாலும் கேசு. துப்பாக்கி வெச்சிருந்தாலும் கேசு. எங்கப்பா அதைக் கழட்டிக் கெணத்துல போட்டுட்டாரு." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கு எழுதிக் குடுத்த தொரை இந்தப் பக்கம் வரலியா சாமி?" என்றார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை.

1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் நரிக்கும் கொக்குக்கும் நல்லது செய்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேட்டையைத் தவிர வேறு தொழில் அறியாதவனுக்கு மாற்றாக என்ன கொடுத்தோம்? ஊசியும் பாசிமணியும். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். ஐம்பது வருஷம்!

பெரியவருக்குத் துப்பாக்கி திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்குத் துப்பாக்கி எதற்கு? வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் தேசம் என்ன பாடு படுகிறது என்று அமெரிக்காவிலிருந்து வரும் செய்திகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். குடகர்களிடமிருந்து பிடுங்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாட்டி தேங்காயைப் பிளந்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாளே, அவளிடமிருந்து எதைப் பிடுங்குவது?

என் மனத்தை உறுத்துவது வேறு. ஒரே மாதிரி சாமான் மூன்று வீட்டில் இருந்தது. ஒரு வீட்டில் அதற்குப் பூ வைத்தார்கள். ஒரு வீட்டில் அது ரசீது ஆயிற்று. ஒரு வீட்டில் கிணற்றுக்குள் போயிற்று. மூன்று பாட்டன்மாரும் அதை ஒரே அக்கறையோடுதான் துடைத்திருப்பார்கள். ஒருவரை நம்பலாம் என்று 1861-ல் ஒரு துரை எழுதி வைத்தார். மற்றவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நாமும் அவர்களைப் பார்த்து வந்திருக்கிறோம். கூட்டுரோட்டில் நரிக்குறவர் ஏறினால் பஸ்ஸில் நாம் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறோமே, அந்தக் காரியத்துக்கு எந்தச் சட்டமும் காரணம் இல்லை.

விடை பெறும்போது சுபேதார் செங்காந்தள் கிழங்கு இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "விஷம் சார், பிள்ளைங்க கை வைக்காம பார்த்துக்கோங்க" என்றார். அவருடைய பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் வேலையாக இருக்கிறார்கள். பண்டிகைக்கு வந்து, துப்பாக்கியை வாங்கி, காலைத் தொட்டு, சுட்டுவிட்டு, மறுநாள் போய்விட்டார்கள். 2029-ல் அந்த விலக்கின் தவணை முடிகிறது. அதற்குப் பிறகு சர்க்கார் என்ன செய்யும் என்பதைவிட, துடைப்பதற்கு வீட்டில் ஆள் இருப்பார்களா என்பதுதான் அவருடைய கவலை.

கிழங்கை வேலியோரமாக நட்டிருக்கிறேன். முதல் மழைக்கு ஒன்று முளைத்து, பக்கத்துக் கம்பியைச் சுற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. கூட்டுரோட்டுப் பெரியவர் ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்த்தார். "கலப்பைக் கெழங்கு. தேள்கடிக்கு எங்க பாட்டி இதைத்தான் அரைச்சுப் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.